வேலை வண்டிக்குள் ஓடும் இன்ஜின் சத்தம்: ஃபோம் ஒட்டியும் ஏன் குறையவில்லை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மூடிய வேலை வண்டியின் பின்பக்கம் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அதிலிருந்து பெல்ட்டில் ஓடும் ஏர் கம்ப்ரெசர். இரண்டும் வண்டித் தரையில் நேரடியாக போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. பக்கத்தில் நின்றால் பேசுவது கேட்பதில்லை, முன் கேபினில் உட்கார்ந்தால் தலைவலி வருகிறது. உட்சுவர் முழுக்க ஒரு அங்குல ஃபோம் ஒட்டினீர்கள். சத்தம் குறைந்த மாதிரி தெரியவில்லை, இன்ஜின் மட்டும் முன்னைவிடச் சூடாகிறது. இதற்கு மேல் என்ன ஒட்டலாம் என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு எதையும் ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டியதில் சைலன்சருக்கும் புகைக்குழாய்க்கும் பக்கத்தில் இருப்பதை இன்றைக்கே பிய்த்து எடுத்துவிடுங்கள். புகைக்குழாயின் சூடு பல நூறு டிகிரிக்குப் போகும். சாதாரண பாலியூரிதேன் ஃபோம் தீப்பிடித்தால் வேகமாகப் பரவும், அதன் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். அதில் ஆயிலோ பெட்ரோலோ ஊறியிருந்தால் இன்னும் மோசம். சத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, ஃபோம் ஏன் வேலை செய்யவில்லை? நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் வினாடிக்கு 50 சுற்று. இரண்டு சிலிண்டர் சேர்ந்து வினாடிக்கு 50 வெடிப்பு, அதாவது 50 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். சுவரில் ஒட்டிய பஞ்சு ஒரு ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அதன் தடிமன் அலைநீளத்தில் கால் பங்கை நெருங்க வேண்டும். 50 ஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டால் 1.7 மீட்டர் வருகிறது, வண்டியின் அகலமே அவ்வளவுதான். ஒரு அங்குல ஃபோம் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள சீறல், கீச்சு, வால்வு தட்டும் டப்பெட் சத்தம் இவற்றைத்தான் பிடிக்கும். நீங்கள் கேபினில் கேட்பது அடிவயிற்றில் அதிரும் ‘தும்ம்ம்’. அதை அந்த ஃபோம் கண்டுகொள்ளவே செய்யாது.

இன்னொரு விஷயம், அந்தத் ‘தும்ம்ம்’ பெரும்பாலும் காற்று வழியாக வருவதே இல்லை. வண்டித் தரையும் பக்கத் தகடும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அல்லது அதை ஒட்டிய தடிமன் உள்ள இரும்பு. இன்ஜினை அதில் நேராக இறுக்கினால் வண்டி முழுக்க ஒரு பெரிய பறை ஆகிவிடுகிறது. இன்ஜின் அடிக்கும் குச்சி, தகடு தோல். தோலின் உள்பக்கம் பஞ்சு ஒட்டினால் பறை நிற்காது, அடிப்பதை நிறுத்த வேண்டும்.

எதை முதலில் சரிசெய்வது என்பதற்கு டெசிபல் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஓரிடத்தில் புகைக்குழாய்ச் சத்தம் 90 டெசிபல், ஃபேன் சத்தம் 80 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 170 ஆகாது, 90.4தான் ஆகும். இப்போது பாடுபட்டு ஃபேனை முழுசாக ஊமையாக்கினாலும் 0.4 டெசிபல்தான் குறையும், எந்தக் காதுக்கும் தெரியாது. மனிதக் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே பெரியதை முதலில் அடக்குங்கள். பெரியது எது என்று தெரியாமல் காசைப் போட்டால் எல்லாம் வீண்.

அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போதும். கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்குப் போதும். எப்போதும் அதே இடத்தில், அதே உயரத்தில், அதே சுற்றில் அளக்க வேண்டும். கேபினில் ஓட்டுநர் காது இருக்கும் உயரத்தில் ஒன்று, வெளியே நீங்கள் நின்று வேலை பார்க்கும் இடத்தில் ஒன்று. செயலியில் ‘ஏ’ அளவு, ‘சி’ அளவு என்று இரண்டு இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஏ’ அளவு தாழ்ந்த ஒலியைப் பெரிதும் கழித்துவிட்டுக் காட்டும், ‘சி’ கிட்டத்தட்ட அப்படியே காட்டும். ‘சி’ ரொம்ப அதிகமாகவும் ‘ஏ’ குறைவாகவும் இருந்தால் உங்கள் எதிரி அந்தத் தாழ்ந்த அதிர்வுதான்.

அடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை மட்டும் ஓட்டுங்கள், கம்ப்ரெசரின் பங்கு தெரிந்துவிடும். புகைக்குழாய் முனையில் தற்காலிகமாக ஒரு நீளக் குழாயை மாட்டி, சத்தத்தை வண்டியிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். வெளியே நிற்கும் இடத்தில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் புகைக்குழாயின் கணக்கு. கடைசியாக, கொஞ்சம் சிரமமானது ஆனால் நிறைய சொல்லித் தருவது: இன்ஜினையும் கம்ப்ரெசரையும் அடிச்சட்டத்தோடு கீழே இறக்கி, பின்கதவுக்கு நேராகத் தரையில் வைத்து ஓட்டுங்கள். கேபினில் போய் உட்காருங்கள். ‘தும்ம்ம்’ காணாமல் போயிருந்தால் அது போல்ட் வழியாக வந்த அதிர்வு.

இப்படி ஒரு வண்டியில் நான் நாட்கணக்கில் அல்லாடியிருக்கிறேன். ஜெனரேட்டர் வைத்த வண்டி. இன்ஜினைத் தாங்க அடியில் நல்ல ரப்பர் மவுண்ட் போட்டோம், கேபினுக்குப் பின்னால் உள்ள நடுத்தடுப்புக்கு இரண்டாவது பலகை அடித்தோம், கேபினில் சத்தம் அசையவில்லை. கடைசியில் ஒரு நாள் இன்ஜினை ஓடவிட்டு, உள்ளங்கையைத் தகட்டில் வைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே போனேன். ஓரிடத்தில் கை கூசியது. அதற்கு நேர் உள்பக்கம் புகைக்குழாயைப் பிடித்திருந்த ஒரு கிளாம்ப், ரப்பர் எதுவும் இல்லாமல் தகட்டோடு நேராக இறுக்கியிருந்தது. ஒரே ஒரு கிளாம்ப். அதைக் கழற்றிக் குழாயைக் கையுறையோடு சற்று விலக்கிப் பிடித்ததும் கேபினில் இருந்தவர் “ஆஃப் பண்ணிட்டீங்களா?” என்று எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து எந்த வண்டியிலும் முதலில் உள்ளங்கையைத்தான் வைக்கிறேன்.

உங்கள் வண்டியில் நான் முதலில் கை வைப்பது மவுண்டில். இன்ஜினையும் கம்ப்ரெசரையும் ஒரே உறுதியான இரும்புச் சட்டத்தில் வைத்து, அந்தச் சட்டத்துக்கும் வண்டிக்கும் நடுவில்தான் ரப்பர் வர வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாக ரப்பர் போட்டால் இரண்டும் வெவ்வேறு மாதிரி ஆடும், பெல்ட் இழுவை மாறும், பெல்ட் அறுந்துகொண்டே இருக்கும்.

எந்த ரப்பர் என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். கடையில் ‘நல்லா வலுவானதா கொடுங்க’ என்று கேட்டு வாங்குவார்கள். வலுவானது என்றால் கெட்டியானது, கெட்டியான ரப்பர் இரும்பைப் போலவே அதிர்வைக் கடத்தும். ரப்பர் மேல் எடையை இறக்கியதும் அது எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் கணக்கு. 1 மில்லிமீட்டர் அமுங்கினால் அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ், 4 மில்லிமீட்டர் அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ். இன்ஜின் தரும் அதிர்வெண் இதைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் தடுப்பு உருப்படியாக இருக்கும். உங்களுடையது வி வடிவ இரட்டை சிலிண்டராக இருந்தால் அது சம இடைவெளியில் வெடிக்காது, 50 ஹெர்ட்ஸோடு 25 ஹெர்ட்ஸ் அதிர்வும் இருக்கும். 8 ஹெர்ட்ஸ் அமைப்பில் அந்த 25 ஹெர்ட்ஸ் விசையில் ஒன்பதில் ஒரு பங்குதான் தரைக்குப் போகும். 16 ஹெர்ட்ஸ் அமைப்பில் பாதிக்கு மேல் அப்படியே போய்விடும். ஆகவே சட்டத்தின் ஓரத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தி, எடை ஏறும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். 4 மில்லிமீட்டர் இறங்கினால் சரி. அரை மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் அது மவுண்டே இல்லை, வெறும் வாஷர்.

பழைய டயரை வெட்டி போல்ட்டுக்கு அடியில் வைப்பது நிறைய வண்டிகளில் பார்க்கிற வேலை. டயர் துண்டு தானாக ஒன்றும் கெட்டதில்லை. ஆனால் அதன் நடுவே இரும்பு போல்ட் ஊடுருவிப் போய் மேலும் கீழும் இறுகியிருக்கிறது. அதிர்வு ரப்பரை விட்டுவிட்டு போல்ட்டிலேயே நடந்து போய்விடும்.

எடையையும் பார்க்க வேண்டும். சட்டத்தின் நாலு மூலைக்கும் ஒரே எடை வராது, இன்ஜின் பக்கம் அதிகமாக இருக்கும். ஒவ்வொரு மூலைக்கும் வரும் எடையைப் பார்த்து மவுண்ட் எடுங்கள், நாலும் ஒரே அளவு அமுங்க வேண்டும். கீழே மவுண்ட் உட்காரும் இடம் மெல்லிய தரைத் தகட்டின் நடுவாக இருக்கக் கூடாது, சேசிஸின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே வரட்டும். இன்னொன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது: ரப்பர் கிழிந்தாலும் இரும்புப் பாகங்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும் வகை மவுண்ட்தான் வண்டிக்குள் போட வேண்டும். திடீர் பிரேக்கிலோ விபத்திலோ அந்த இன்ஜின் பெயர்ந்து முன்னால் வந்தால் கேபினில் இருப்பவர் பிழைக்க மாட்டார். மவுண்ட் மாற்றியபின் ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கும். அது அந்த 8 ஹெர்ட்ஸைக் கடக்கும் நொடி, பயப்பட வேண்டாம்.

மவுண்ட் சரியானதும் அதைச் சுற்றிக் கடக்கும் திருட்டுவழிகளை அடைத்துவிடுங்கள். புகைக்குழாயில் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே பெல்லோஸ் என்னும் நெளியும் குழாய்த்துண்டு ஒன்று, அதற்கப்புறம் குழாயை ரப்பர் வளையத்தில் தொங்கவிடுவது. கம்ப்ரெசரிலிருந்து டேங்குக்குப் போகும் இரும்புக் குழாயின் இடையில், அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் ஹோஸ். எரிபொருள் ஹோஸ், ஆக்சிலேட்டர் கேபிள், பேட்டரி வயர் எல்லாம் கொஞ்சம் தொய்வோடு ஒரு வளைவு போட்டு வரட்டும். பேட்டரி வயர் இழுத்துக்கட்டிய தந்தி மாதிரி இருந்தால் அதுவும் சத்தத்தைக் கடத்தும்.

வெளியே நிற்பவருக்குப் பெரிய சத்தம் பெரும்பாலும் புகைக்குழாயிலிருந்துதான். முதலில் பேக்கிங்கை, அதாவது குழாய் இணைப்பில் கசியாமலிருக்க வைக்கும் வளையத்தைப் பாருங்கள். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் புகை கசிகிறது, எவ்வளவு பெரிய சைலன்சர் போட்டாலும் அந்தக் கசிவு ‘பட் பட்’ என்று அடித்துக்கொண்டேதான் இருக்கும். அடுத்து சைலன்சரின் அளவு. இன்ஜினோடு வரும் குட்டி சைலன்சர் திறந்தவெளிக்குச் செய்தது. தாழ்ந்த ஒலியை அடக்க உள்ளே அறை அறையாகப் பிரித்த, கொள்ளளவு அதிகமுள்ள சைலன்சர் வேண்டும். கிளாஸ் வுல் அடைத்த நேர்க்குழாய் வகை மேல் ஸ்தாயிச் சீறலைத்தான் குறைக்கும். இரண்டையும் அடுத்தடுத்து மாட்டினால் நல்ல பலன். குழாயின் விட்டத்தை எங்கேயும் சிறிதாக்காதீர்கள். புகை போக வழியில்லாமல் பின்னழுத்தம் ஏறினால் இன்ஜின் திணறும், வால்வு வெந்துபோகும்.

குழாய் முனையை வண்டிக்கு அடியிலேயே விட்டுவிடுவதும் வழக்கமான தவறு. தரைக்கும் வண்டிக்கும் நடுவில் சத்தம் மாறிமாறி அடித்துப் பெருகும், புகையும் கதவு இடுக்கு வழியாக உள்ளே ஏறும். பாடியின் ஓரத்தைத் தாண்டி, நீங்கள் நிற்காத பக்கமாக வெளியே கொண்டுவாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேபினில் அதற்கான அலாரம் ஒன்று கண்டிப்பாக இருக்கட்டும்.

காற்று இழுக்கும் வாயையும் மறந்துவிடாதீர்கள். பிஸ்டன் கம்ப்ரெசரின் இழுப்புச் சத்தம் ‘கப் கப்’ என்று தாழ்ந்த ஸ்தாயியில் வரும், பலர் அதையே இன்ஜின் சத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஃபில்டரை சைலன்சரோடு சேர்ந்து வரும் வகையாக மாற்றி, விட்டம் குறையாத ஹோஸில் வண்டிக்கு வெளியே, புகைக்குழாயிலிருந்து தள்ளி வையுங்கள். குளிர்ந்த காற்று கிடைப்பதால் கம்ப்ரெசரும் நன்றாக ஓடும். கம்ப்ரெசருக்குப் பதிலாக கார்ப்பெட் கழுவும் வண்டிகளில் இருக்கும் வேக்குவம் புளோயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: இரண்டு மடல் உருளைகள் சுழன்று காற்றைத் தள்ளும் ரூட்ஸ் புளோயர் ஒரு சுற்றுக்கு நாலு முறை காற்றை வெட்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அது 200 ஹெர்ட்ஸ் ஊளை. அதன் வெளியேற்றத்துக்கு அளவான சைலன்சர் இல்லாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பாடிக்கு வர வேண்டும். தகட்டை விரல் மடக்கித் தட்டுங்கள். ‘டங்’ என்று ஓசை நீண்டால் அங்கே அலுமினியத் தாள் முகப்புள்ள பியூட்டைல் ஷீட் (பிசுபிசுப்பான ரப்பர் ஷீட்) ஒட்டலாம். முழுசாக மூட வேண்டியதில்லை, ஒவ்வொரு தகட்டின் நடுப்பகுதியில் கால் முதல் அரைப் பங்கு பரப்பு போதும். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, ரோலரால் அழுத்தி ஒட்டினால்தான் பிடிக்கும். அதன்பின் தட்டினால் ‘டொக்’ என்று அடங்க வேண்டும்.

கேபினுக்கும் பின்பகுதிக்கும் நடுவே உள்ள தடுப்புக்கு வேண்டியது எடையும் இடுக்கில்லாமையும். எடை இரட்டிப்பானால் தடுப்பு கணக்குப்படி 6 டெசிபல் கூடும். சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள கனத்த வினைல் ஷீட்டை பிளைவுட்டோடு சேர்த்து அடிப்பது நல்ல வழி. ஆனால் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. வயர் நுழையும் துளை, தரையோடு சேரும் விளிம்பு, கதவு பீடிங் இவற்றை இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் வரும்.

இன்ஜினைச் சுற்றிப் பெட்டி அடிக்க நினைத்தால் சூட்டுக் கணக்கைப் போடாமல் இறங்காதீர்கள். பெட்ரோல் இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மற்றதெல்லாம் சூடு. புகையோடு வெளியே போனது போக, பெட்டிக்குள் 10 கிலோவாட் சூடு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று 15 டிகிரிக்கு மேல் சூடேறாமல் இருக்க வினாடிக்கு சுமார் 0.55 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். அது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போக, உள்ளே வர ஒன்றும் வெளியே போக ஒன்றுமாக, பக்கத்துக்கு 33 சென்டிமீட்டர் உள்ள சதுர வழி வேண்டும். உங்கள் இன்ஜின் சூடாவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். ஃபோம் ஒட்டும்போது காற்று வரும் கிரில் எதையாவது மூடியிருக்கிறீர்களா, பாருங்கள்.

இவ்வளவு பெரிய ஓட்டை வைத்தால் சத்தமும் அதன் வழியே வந்துவிடாதா என்றால், நேராக வைத்தால் வரும். காற்று வழியை ஒன்றிரண்டு முறை மடக்கி, உள்சுவரில் ராக்வுல் என்னும் பாறை இழைப் பஞ்சைப் பதித்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியும் துளையிட்ட தகடும் போடுங்கள். தகட்டில் துளைப் பரப்பு 30 சதவீதமாவது இருக்கட்டும். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் இன்ஜின் கண்ணில் படக்கூடாது. பஞ்சுக்கு உண்மையான வேலை இந்த இடத்தில்தான்.

முடிந்தால் சுற்றையும் குறைத்துப் பாருங்கள். ஃபேன் சத்தம் வேகத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி ஏறும், வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கும். புல்லி விகிதத்தை மாற்றி, கம்ப்ரெசருக்கு வேண்டிய வேகத்தைக் கெடுக்காமல் இன்ஜினை 2,400 சுற்றில் ஓட்ட முடியுமா என்று பாருங்கள். அந்தச் சுற்றிலும் இன்ஜினுக்குப் போதுமான சக்தி இருக்க வேண்டும், காற்றால் குளிரும் இன்ஜின் சூடேறாமலும் இருக்க வேண்டும். மெதுவாக ஓடும்போது வெடிப்பின் அதிர்வெண்ணும் இறங்கும் என்பதால் மவுண்டின் 4 மில்லிமீட்டரை 5, 6 என்று ஏற்ற வேண்டியிருக்கும்.

இதெல்லாம் முடியும்வரை காதில் இயர் மஃப் இல்லாமல் அந்த வண்டி பக்கத்தில் நிற்காதீர்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி நேரம், 94க்கு ஒரே ஒரு மணி நேரம். பக்கத்தில் நின்று பேசுவது கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அந்த வரம்பை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். போன கேள்திறன் திரும்பி வராது.

வேலை முடிந்ததும் கேபினிலும் வெளியிலும் திரும்ப அளந்து, அந்த எண்ணைக் கதவின் உள்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள். முதல் 50 மணி நேரம் ஓடியபின் மவுண்ட் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பிறகு ஒரு நாள் கேபின் எண் மட்டும் ஏறியிருந்தால் ஏதோ ஒரு மவுண்ட் வெடித்திருக்கிறது அல்லது ஒரு குழாய் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வெளி எண் மட்டும் ஏறியிருந்தால் நேராகப் புகைக்குழாய் பேக்கிங்கைப் போய்ப் பாருங்கள்.